ஏணி கை தூக்கினாள்

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் உயரமான பெண்கள் நாலே பேர். ரிங்குக்குப் பக்கத்தில் நின்று முட்டி மோதுகிற முன்வரிசைக்கு ஒரே சமயத்தில் மூன்று பேர் வேண்டும். இரண்டு ஃபார்வர்ட், ஒரு சென்டர். இந்த நாலு பேரை மாற்றி மாற்றி இறக்கித்தான் ஒரு முழு சீசனை ஓட்டியாக வேண்டும். ஒருத்திக்கு ஜலதோஷம் பிடித்தால்கூட என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்துவிடும். முதல்வரிடம் போய் இதைச் சொன்னேன். "மூணு இடம், நாலு பேர். ஒருத்தர் மிச்சம்தானே மேடம்?" என்றார். அவர் கணக்குப் பேராசிரியர். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் இந்தக் கல்லூரியின் கோச். மாடிப்படி ஏறினால் இரண்டு முட்டியும் சத்தம் போடும். சத்தம் போட்டு ஓய்ந்துபோன தொண்டை வேறு. ஒவ்வொரு சீசன் முடியும்போதும் இதுதான் கடைசி, அக்கடா என்று வீட்டில் உட்காரப் போகிறேன் என்று சொல்வேன். அடுத்த சீசனுக்கு நாலு வாரம் இருக்கும்போது பார்த்தால் கழுத்தில் விசிலோடு மறுபடியும் அதே கோர்ட்டில் நின்றுகொண்டிருப்பேன். எனக்கே என்னைப் பார்த்தால் அலுப்பாக இருக்கும்.

அந்த நாலு பேரையும் சொல்லிவிடுகிறேன். ஏணிதான் சென்டர். கடைசி வருஷம். கொஞ்சம் எம்பினால் ரிங்கின் வலை அவள் கையில் இருக்கும். சித்தி ஒரு ஃபார்வர்ட். யாரைப் பார்த்தாலும் ஒரு திட்டு வைத்திருப்பாள், என்னையும் சேர்த்து. அதனால் அந்தப் பெயர். இன்னொரு ஃபார்வர்ட் குட்டை. நாலு பேரில் அவள்தான் குட்டை என்று வைத்த பெயர், மற்றபடி அவளிடம் பேச நான் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். நாலாவது ஆள் புதுசு. முதல் வருஷம். ஏணியைவிட இரண்டு விரல் உயரம். ஆனால் கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு வந்தவள் மாதிரி, பந்து அவளிடம் நிற்காது. ஆக, ஏணி இல்லையென்றால் எனக்கு முன்வரிசையே இல்லை. இதை அணியில் எல்லோரும் அறிவார்கள்.

ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவதில் ஒரு பெரிய தொல்லை உண்டு. எந்தப் பெண்ணும் தனக்கு முடியவில்லை என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். பெஞ்சில் உட்கார வைப்பது தண்டனை என்று நினைத்துக்கொள்வார்கள். நாக்குத் தள்ளும், கால் பின்னும், கேட்டால் "நல்லாருக்கேன் மேடம்" என்பார்கள். இதற்காகவே நான் ஒரு சட்டம் போட்டேன். முடியாதவள் கையை மூடி, முஷ்டியை உயர்த்திக் காட்ட வேண்டும். அடுத்த விசிலுக்கு அவளை வெளியே எடுத்துவிடுவேன். ஏன், எதற்கு என்று கேட்க மாட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு அவளாக "போறேன்" என்று சொன்னதும் அதே இடத்தில் திரும்ப இறக்குவேன். இந்தப் பின்பாதி இருந்ததால்தான் முன்பாதி நடந்தது. கை தூக்கினால் இடம் போய்விடாது என்று என் வாயால் வாக்குக் கொடுத்திருந்தேன். மற்ற கல்லூரிக் கோச்சுகள் கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். என் பெண்கள் ஆட்டத்தின் கடைசி நிமிஷம் வரை ஓடினார்கள்.

அந்தச் சட்டத்துக்குத்தான் இந்த வருஷம் சோதனை வந்தது. பயிற்சி ஆட்டங்களில் ஏணி கை தூக்க ஆரம்பித்தாள். தூக்கட்டும், அதற்குத்தானே சட்டம். ஆனால் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை வருவதற்குள் தூக்கினாள். போன வருஷம் வரைக்கும் கையைத் தூக்கியே அறியாதவள். வெளியே எடுத்தால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்காருவாள். "போறேன்" என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவே வராது. நானாகப் போகச் சொன்னால் எழுந்து போவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கை.

எனக்குப் பயம் வந்துவிட்டது. முட்டியில் ஏதோ கோளாறு என்று பிசியோதெரபி பெண்ணிடம் கூட்டிப்போனேன். அவள் அமுக்கிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, "உங்க முட்டியைத்தான் மேடம் பார்க்கணும், இவ முட்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்தோம். அதுவும் சரியாக இருந்தது. காதல் கீதல் ஏதாவது இருக்குமோ என்று சித்தியை விட்டு விசாரித்தேன். "அவளுக்கா? அவளுக்குத் தூங்கவே நேரமில்ல" என்று என்னை முறைத்தாள் சித்தி.

பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. வெளியே வந்து உட்கார்ந்ததும் ஏணி சும்மா இருப்பதில்லை. அவளுக்குப் பதிலாக இறங்குகிற புதுசைப் பார்த்து, "காலை அகட்டி நில்லு! கையை இறக்காத! முதல்ல ஆளை முட்டு, அப்புறம் பந்தைப் பாரு!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். புதுசும் அவள் சொன்னதைக் கேட்டு முன்னைக்கு இப்போது கொஞ்சம் தேறியிருந்தாள். அடடே, இதுதானா சங்கதி என்று எனக்குப் பொறி தட்டியது. கடைசி வருஷக்காரி, தன் நேரத்தையெல்லாம் சின்னவளுக்குத் தானமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். நல்ல மனசு. ஆனால் அணி இருக்கிற நிலைமையில் இதெல்லாம் கட்டுப்படியாகுமா?

வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். பந்தையும் பூசணிக்காயையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். "அந்தப் பொண்ணுக்கு உண்மையிலேயே முடியலையோ என்னவோ" என்றார்.

"உங்களுக்கு என்ன தெரியும்? வேர்வைகூட வரல அவளுக்கு."

"எனக்குக்கூடத்தான் வேலைக்குக் கிளம்பும்போது வேர்வை வர்றதில்ல. முடியலன்னு தோணுது இல்ல?"

"நீங்க துணியை மடிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் பயிற்சி முடிந்ததும் ஏணியைப் பந்து வைக்கிற அறைக்குக் கூப்பிட்டேன். அது ஜன்னல் இல்லாத அறை. ரப்பர் வாசனையும் ஈரத் துண்டு வாசனையும் கலந்து அடிக்கும். நான் காற்றுப் போன பந்து ஒன்றுக்குப் பம்ப்பை வைத்து அடித்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினேன்.

"என்னம்மா உனக்குப் பிரச்சனை?"

"முடியல மேடம்."

"என்ன முடியல?"

"முடியல. அவ்வளவுதான்."

"யார்கிட்ட கதை விடறே? எத்தனை பொண்ணுங்களைப் பார்த்திருக்கேன். முடியாதவ மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நீ புதுசுக்கு இடம் விட்டுக் குடுக்கறே."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். மாட்டிக்கொண்டாள், அதனால்தான் பேச்சு வரவில்லை என்று நான் நினைத்தேன்.

"உன் மனசு எனக்குப் புரியுது. ஆனா இந்த சீசன் உனக்குக் கடைசி. உங்கப்பாவை நினைச்சுப் பாரு. அந்த மனுஷன் உனக்காக என்ன பாடுபடறாரு! இனிமே உனக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. நீ கை தூக்கினா நான் பார்க்க மாட்டேன். புரிஞ்சுதா?"

"சரி மேடம்" என்றாள். குனிந்து, வாசல் நிலையில் தலை இடிக்காமல் வெளியே போனாள்.

அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் மெக்கானிக். ராத்திரி ஷிஃப்ட். பகலெல்லாம் தூங்க வேண்டிய மனுஷர், எங்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், பாதிப் பயிற்சிகளுக்கும் வந்து கேலரியின் மேல்வரிசையில் உட்கார்ந்திருப்பார். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் துருத்திக்கொண்டிருக்கும். பாதி நேரம் உட்கார்ந்தபடியே தூங்குவார். விசில் சத்தம் கேட்டால் திடுக்கிட்டு விழித்துக் கை தட்டுவார். எதிரணி போட்ட பந்துக்கும் தட்டுவார், பாவம், தூக்கக் கலக்கம். இப்படி ஒரு அப்பா எனக்கு வாய்த்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். "அவர் முதல்ல வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும்" என்றாள் அவள்.

அந்த வாரக் கடைசியில் பக்கத்துக் கல்லூரியோடு ஒரு நட்பு ஆட்டம். சீசனுக்கு முன்னால் எங்கள் முன்வரிசை தாங்குமா, தாங்காதா என்று பார்ப்பதற்காகவே நான் ஏற்பாடு செய்தது. எங்கள் கோர்ட்டில்தான் ஆட்டம். ஹாஸ்டல் பெண்கள் கேலரியை நிறைத்துவிட்டார்கள். முதல்வரும் வந்திருந்தார். ஏணியின் அப்பா அவருடைய வழக்கமான மேல்வரிசை மூலையில்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. சித்தி எதிரணிப் பெண்களைத் திட்டிக்கொண்டே பந்தைப் பிடுங்கினாள். குட்டை ஓரத்திலிருந்து இரண்டு முறை போட்டாள். ஏணியும் ஆடினாள், சும்மா சொல்லக்கூடாது. பிறகு, நான் பயந்துகொண்டிருந்தது நடந்தது. ஏணியின் வலது கை மூடிக்கொண்டு மேலே போனது.

நான் குனிந்து என் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினேன். விசில் வந்தது. நான் யாரையும் மாற்றவில்லை. பெஞ்சில் இருந்த புதுசு, "மேடம், அக்கா கை தூக்கறாங்க" என்றாள். "தெரியும், உட்காரு" என்றேன்.

ஏணி கையை இறக்கவில்லை. நான் பார்க்கவில்லை என்று நினைத்தாளோ, இல்லை நான் பார்க்காதது போல் இருக்கிறேன் என்பது தெரிந்தேதான் தூக்கினாளோ. அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு ஓடினாள். இந்தப் பக்கம் ஓடி வந்தாள், அந்தப் பக்கம் ஓடிப்போனாள். ஒற்றைக் கையால் ஆளை மறித்தாள். ரிங்கில் பட்டுத் தெறித்த பந்தை இடது கையால் மட்டும் இழுத்து, அதே கையால் வலைக்குள் தள்ளினாள். வலது கை மட்டும் மேலேயே நின்றது, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளையின் கை மாதிரி.

கேலரியில் ஆரவாரம் கிளம்பியது. அவர்களுக்கு எங்கள் சட்டம் தெரியுமா என்ன? ஏதோ சவால் விட்டு ஒற்றைக் கையால் ஆடுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். ஹாஸ்டல் பெண்கள் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி முஷ்டியைத் தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கேலரி முழுக்க முஷ்டிகள். எங்கள் முதல்வரும் வெட்கத்தோடு காது உயரத்துக்குத் தூக்கினார். கோர்ட்டில் சித்தி அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் திட்டு இல்லை. அந்த முஷ்டிக்கு என்ன அர்த்தம் என்பது அந்தக் கூடம் முழுவதிலும் எங்கள் அணிக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது மேல்வரிசையில் அவளுடைய அப்பா எழுந்து நின்றார். தூக்கக் கலக்கத்தில் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தன் மகளைப் பார்த்துக் கை தூக்குவதைக் கண்டதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பாக, அவரும் முஷ்டியை முடிந்தமட்டும் உயரத் தூக்கினார்.

ஏணி அண்ணாந்து அவரைப் பார்த்தாள். பார்த்தபடியே தன் கையை மெள்ள இறக்கிவிட்டாள்.

அவள் கை தூக்கியபோதெல்லாம் நம்பாதவள் நான். அது இறங்கியபோதுதான் நம்பினேன். பிறகும் அவள் ஆடினாள். ரெண்டு கையாலும் ஆடினாள், ஒழுங்காக ஆடினாள், முகத்தில் ஒன்றுமே இல்லாமல். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. டைம் அவுட் கேட்டு, அவளை வெளியே எடுத்து, புதுசை இறக்கினேன். கேலரியில் "ஓ" என்று எனக்கு எதிராகச் சத்தம் போட்டார்கள்.

பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல இருந்தே மேடம்."

"அப்புறம் ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"சொன்னேனே." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "ஓடறதால வர்ற சோர்வு இல்ல மேடம். காலையில எழுந்து ஷூவைப் பார்த்தாலே வந்துடும். அதுக்குன்னு தனியா சைகை எதுவும் நீங்க வைக்கல. இருந்ததைக் காட்டினேன்."

"புதுசுக்காக இல்லையா?"

"அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். அவ தேறிட்டா என்னை விட்டுருவீங்கன்னு நினைச்சேன்."

உயரமான பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டு, அவள் வீட்டுக்கே போய், அப்பாவோடு உட்கார்ந்து டீ குடித்து, எங்கள் கல்லூரிக்கு அழைத்து வந்தவள் நான். அன்றைக்கு நான் அவள் உயரத்தைக் கேட்டேன், அவள் ஷூ அளவைக் கேட்டேன். ஆடப் பிடிக்குமா என்று கேட்டதாக நினைவே இல்லை.

பாதி ஆட்டம் முடிந்து விசில் அடித்தார்கள். ஸ்கோரில் கொஞ்சம் பின்தங்கியிருந்தோம். அப்பா படிகளில் தடதடவென்று இறங்கி நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்தார்.

"ஏன் மேடம் வெளிய எடுத்துட்டீங்க? ஜெயிச்ச மாதிரி கையைத் தூக்கிட்டு என்னமா ஆடிட்டிருந்தா!"

எப்படியாவது மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் என் மேலேயே வெறுப்பு வந்தது. "அது ஜெயிச்சதுக்குத் தூக்கற கை இல்லைங்க" என்றேன். "முடியலன்னு சொல்ற கை. நான்தான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "எதும்மா முடியல? காலா?"

"ஆட்டம்ப்பா. எனக்கு ஆடவே முடியல."

"இன்னைக்கா?"

"எப்பவுமே."

"பின்ன ஏம்மா இத்தனை வருஷம்…"

"நீங்க தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு வந்து உட்கார்றீங்களேப்பா. உங்களுக்கு இருக்கறது இது ஒண்ணுதான். நான் எப்படி விடறது?"

அப்பா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அவர் கண்ணைச் சுற்றி எவ்வளவு கருத்துப் போயிருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் நான் கிட்டத்தில் பார்த்தேன்.

"நான் எனக்காகவா வந்தேன்?" என்றார். "உனக்கு இதுன்னா உசுருன்னு நினைச்சில்ல வந்தேன். எதுக்கு விசில் அடிக்கறாங்கன்னுகூட எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பக்கத்துல இருக்கறவங்க தட்டினா தட்டுவேன். சனிக்கிழமை ஆனா, ஐயோ மேட்ச் இருக்கேன்னு இருக்கும்." ஸ்க்ரூடிரைவரைத் திரும்பப் பையில் செருகினார். "எனக்கும்தாம்மா முடியல."

ஏணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ரெண்டு பேரும் தோளோடு தோள் சாய்ந்துகொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சித்தி ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே அவர்கள் ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள்.

"வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார் அப்பா. ஏணி எழுந்து நின்று, பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தாள்.

"போம்மா" என்றேன். "போய் ரெண்டு பேரும் தூங்குங்க."

அவள் ஷூவைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் வைத்தாள். எடுத்துக்கொள்ளவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டு அப்பாவோடு நடந்தாள். வாசல் வரைக்கும் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று புரிந்தது. சந்தோஷப்பட்டேனா? என்னுடைய சீசனல்லவா செருப்புப் போட்டுக்கொண்டு வாசல் வழியாகப் போகிறது! தலையிலடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, அந்த ரெண்டு பேரோடு நானும் கிளம்பிப் போய்விட வேண்டும் போலவும் இருந்தது. அவர்கள் மேல் எனக்குப் பொறாமை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆனால் பாதி ஆட்டம் பாக்கி இருந்தது. நாலு பேரில் இப்போது மூன்று பேர். மூன்று இடம், மூன்று பேர். முதல்வரின் கணக்குப்படி சரியாக இருந்தது.

மூவரையும் முன்னால் கூப்பிட்டேன். "இனிமே மாத்தறதுக்கு உயரமான ஆள் கிடையாது. யாருக்காவது முடியலன்னா பின்வரிசையில கார்டு ஆடற பொண்ணுங்கள்ல ஒருத்தியை இறக்கி எப்படியாவது சமாளிச்சுக்கறேன். சித்தி, நீ வலது பக்கம். குட்டை இடது பக்கம். புதுசு, நீதான் சென்டர்."

"முழு சீசனுமா மேடம்?" என்றாள் புதுசு.

"முழு சீசனும்தான். பயப்படாதே. முடியலன்னா கையைத் தூக்கு, அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் ரெண்டு அடி வைத்தவள், நின்று திரும்பினாள். அவளிடம் குத்தலோ கிண்டலோ கிடையாது. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தூக்கினா எடுத்துருவீங்களா மேடம்?"

சித்தியும் குட்டையும் நடப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். எடுத்துவிடுவேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். இதே வாயால்தான் ஏற்கனவே ஒரு முறை அதைச் சொல்லியிருந்தேன். நடுவர் விசில் அடித்தார், பதிலுக்குக் காத்திராமல் மூன்று பேரும் உள்ளே ஓடினார்கள்.